நாற்பது பேருக்கு வீட்டு விருந்து: நாமே சமைப்பதா, ஆள் வைத்துச் சமைப்பதா, வெளியிலிருந்து வரவழைப்பதா?

வீட்டு விசேஷங்களில் நம்மை மிகவும் திணறடிப்பது முப்பதிலிருந்து ஐம்பது பேர் வரை வரும் விசேஷம். நூறு பேர் என்றால் யாரும் அதிகம் யோசிப்பதில்லை, மண்டபம் பார்த்துவிடுகிறோம். பத்துப் பேர் என்றால் அன்றாடச் சமையலையே கொஞ்சம் பெருக்கி, ஒரு பாயசத்தையும் அப்பளத்தையும் கூட்டி முடித்துவிடலாம். பெற்றோரின் எழுபதாவது பிறந்தநாள், மகளின் வளைகாப்பு, பேரக்குழந்தைக்குப் பெயர் வைப்பது, பல ஆண்டுகள் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தம்பி குடும்பத்தை உறவினர் எல்லோரும் ஒரே நாளில் பார்த்துவிடுவது ஆகியவை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவை. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்ற ஒரு கேள்வியே வீட்டில் ஒரு வாரத்துப் பேச்சாகிவிடும். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டு படுக்கையறை வீட்டில், நாற்பது பேருக்கு மதிய விருந்து என்று வைத்துக்கொண்டு, நம் முன் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பொதுவாக இந்த ஒப்பீட்டில் செலவும் ருசியுமே முன்னால் வந்து நிற்கும். அவை இரண்டும் முக்கியம்தான் என்றாலும், நான் வேறொன்றை முதலில் வைக்கிறேன். விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் வீட்டுக்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்பதே அது. எங்கள் வீட்டில் அம்மா ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எல்லா விசேஷங்களுக்கும் தம் கையாலேயே சமைத்தார். வந்தவர்கள் புறப்படும்போது சொல்லிக்கொள்வதற்காகச் சமையலறை வாசலுக்கு வருவார்கள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுப்பார். அன்றைக்கு அவருக்கும் அவர்களுக்கும் இடையே நடந்த பேச்சு அவ்வளவுதான். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அவரைப் பார்க்கவென்றே ரயிலேறி வந்தவர்கள், அவருடைய சாம்பாரைச் சாப்பிட்டார்கள், அவரைப் பார்க்கவில்லை. ஆகவே எந்த ஏற்பாடு அந்த வீட்டுப் பெண்ணைக் கூடத்தில் உட்கார வைக்கிறதோ, அதற்கே நான் முதல் மதிப்பெண் தருவேன்.

எதை முடிவு செய்வதற்கும் முன்னால் அளவைக் கணக்கிட வேண்டும். முழுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று கொண்டால், நாற்பது பேருக்கு நாலரை கிலோ அரிசி தேவைப்படும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஆளுக்கு 25 முதல் 30 கிராம், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பொரியல், கூட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்றிலிருந்து நான்கு கிலோ காய். தயிர் நான்கு லிட்டர். இந்த எண்கள் பயமுறுத்துவன அல்ல. மலைக்க வைப்பது நம் வீட்டு அடுப்பின் அளவு. ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கிலோ அரிசிக்கு மேல் வைக்க முடியாது. நாலரை கிலோ சாதத்துக்கு ஐந்து முறை குக்கர் ஏற்றி இறக்க வேண்டும். ஆவி அடங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முறைக்கு அரை மணி நேரம் ஆகும். சாதத்துக்கு மட்டும் ஓர் அடுப்பு இரண்டரை மணி நேரம் மாட்டிக்கொள்கிறது. ஆளுக்கு இரண்டு வடை என்றால் எண்பது வடை. வீட்டு வாணலியில் ஓர் ஈடுக்கு ஏழு வடை போட்டால் பன்னிரண்டு ஈடு. அதுவும் விருந்தினர் வந்து சேரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நடக்க வேண்டும். சமைக்கத் தெரியுமா என்பதைவிட, எத்தனை அடுப்பு இருக்கிறது, எவ்வளவு பெரிய பாத்திரம் இருக்கிறது என்பதே இங்கே தீர்மானிக்கும் விஷயம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின், நாமே சமைப்பது என்ற முதல் வழி எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெளிவாகிவிடும். என் அனுபவத்தில் பதினைந்து பேர் வரை அது எல்லா வழிகளையும்விடச் சிறந்தது. செலவு குறைவு; காரம், உப்பு, எண்ணெய் எல்லாம் நம் கைக்குள் இருக்கும்; சர்க்கரை நோயாளியான பெரியப்பாவுக்கும் பூண்டு சேர்க்காத அத்தைக்கும் தனியாக எடுத்து வைக்க முடியும். அதற்கு மேல் போனால் சமைப்பவர் விருந்தில் கலந்துகொள்வதில்லை. அப்படியும் வீட்டுச் சமையல்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் விருந்தின் வகையையே மாற்றிக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக மாலை நாலரை மணிக்குச் சிற்றுண்டி என்று அழைத்தால், முதல் நாளே செய்து வைக்கத்தக்க பண்டங்களைக் கொண்டே விருந்தை நிறைவாக முடிக்கலாம். புளியோதரைக்கான புளிக்காய்ச்சலை மூன்று நாள் முன்பே கிளறி வைக்கலாம். லட்டு, மைசூர்பாகு, முறுக்கு ஒரு வாரம் முன்பே தயாராகிவிடும். சுண்டலுக்குக் கடலையை முந்தின இரவு ஊற வைத்தால் போதும். தேங்காய் அரைத்துச் சேர்க்கும் அவியலும் சட்னியும் வெயிலில் விரைவில் ஊசிப்போகும். உளுந்து மாவில் உப்புச் சேர்த்து வைத்திருந்தால் நீர்த்துக்கொண்டு வடை எண்ணெய் குடிக்கும். பூரியும் தோசையும் ஒருவரை அடுப்படியிலேயே கட்டிப்போடும். தனியாகச் சமைப்பவர் இவற்றைப் பட்டியலிலிருந்து தயங்காமல் நீக்கிவிட வேண்டும். பூரி இல்லாததால் எந்த விருந்தும் குறைந்துபோனதாக நான் கண்டதில்லை.

ஆளுக்கொரு பண்டமாகச் செய்து கொண்டுவருவது இன்னொரு வழி. ஒரே குடியிருப்பில் வசிக்கும் நண்பர்களிடையே இது நன்றாக நடக்கிறது. உறவினர் விருந்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. தாம்பரத்தில் இருப்பவர் கொண்டுவரும் சாம்பார் அம்பத்தூருக்குப் பந்தி நேரத்தில் வந்து சேரும் என்று நம்பி இலை போட முடியாது.

சமையல்காரரை வீட்டுக்கே அழைத்துச் சமைக்க வைக்கும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் மாஸ்டர் என்கிறோம். தென்மாவட்டங்களில் தவசிப்பிள்ளை என்று மரியாதையோடு அழைக்கும் வழக்கம் உண்டு. தொழில் தெரிந்த ஒரு மாஸ்டரும் இரண்டு கையாட்களும் வந்தால், நாற்பது பேருக்கான முழுச் சாப்பாட்டை ஆறேழு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ருசியில் வேறு எந்த ஏற்பாடும் இதற்கு ஈடாகாது என்பதே என் கருத்து. வடை எண்ணெயிலிருந்து நேராக இலைக்கு வருகிறது. ரசம் நுரை கூடி இறக்கிய சூட்டோடு ஊற்றப்படுகிறது. சாம்பாரில் உப்புக் குறைந்தால் பந்திக்கு முன்பே சொல்லிச் சரிசெய்யலாம். காலை பத்து மணிக்கு வீடெங்கும் பரவும் நெய் வாசனையே விசேஷத்தின் பாதி. மிஞ்சும் மளிகையும் வீட்டிலேயே தங்குகிறது.

ஆனால் இந்த வழியில் வேலை நம் கையைவிட்டுப் போவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. மாஸ்டர் தரும் மளிகைப் பட்டியலை நாம் வாங்க வேண்டும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் தாராளமாக எழுதப்பட்டிருக்கும். எத்தனை பேருக்கு என்று போட்டிருக்கிறார் எனக் கேட்டு, அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். கூலியைப் பேசும்போது மாஸ்டர் சம்பளம், கையாள் சம்பளம், பாத்திர வாடகை, அடுப்பு, சிலிண்டர், வண்டிக் கூலி, காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது ஆகிய ஒவ்வொன்றும் தொகைக்குள் அடங்கியதா, தனியா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மதியப் பந்திக்கு அவர்கள் விடியற்காலை நான்கு, நாலரைக்கே வந்துவிடுவார்கள். கதவைத் திறந்து, தண்ணீர் காட்டி, காப்பி கொடுத்து, ஒன்பது மணிக்கு அவர்களுக்கும் சிற்றுண்டி ஏற்பாடு செய்ய ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் இடம்தான் உண்மையான தடை. தனி வீட்டில் கொல்லைப்புறம் இருக்கும். குடியிருப்பில் மொட்டை மாடியோ கார் நிறுத்துமிடமோதான் கிடைக்கும், அதற்கும் சங்கத்தின் அனுமதி வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். தரைக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தத்தில் பெரிய அடுப்பு மூட்டுவதை, இடம் எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும், நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வீட்டில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு உரியது. தொழில்முறைச் சமையலுக்கு அவர்கள் கொண்டுவர வேண்டியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால், அன்று காலையில் நம் சிலிண்டரைக் கழற்றிக் கொண்டுபோகும் தர்மசங்கடம் வராது. மொட்டை மாடியில் சமைத்தால் அண்டாவை மின்தூக்கியில் இறக்குவதா, படியில் தூக்கி வருவதா என்பதையும், கழுவும் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் முந்தின நாளே நடந்து பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, மாஸ்டர் பக்கத்தில் யார் நிற்பது என்பது. கல்யாண வீடுகளில் உக்கிராணத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பது பழைய வழக்கம். சர்க்கரை, நெய், முந்திரி எல்லாம் அவர் கையால்தான் வெளியே வரும். நாற்பது பேர் விருந்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். அது வீட்டு எசமானியாகவும் இருக்கக் கூடாது, விசேஷத்துக்கு உரியவராகவும் இருக்கக் கூடாது. நிதானமான ஒரு தம்பியோ மைத்துனரோ அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், கொல்லைப்புறம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அப்படி ஒருவர் அமையாவிட்டால், மாஸ்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் "அம்மா, பெருங்காயம் எங்கே?" என்ற குரலுக்கு வீட்டுப் பெண் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்க்கொண்டிருப்பார்.

மூன்றாவது வழியான கேட்டரிங்கில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. சமையல் வேறெங்கோ நடக்கிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. இலைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. வேலைக்குப் போகும் தம்பதிகளுக்கும், வயதானவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கும் இதுதான் நடைமுறைக்கு ஏற்றது. ஆயினும் நாற்பது என்ற எண்ணிக்கை கேட்டரிங்காரரின் கண்ணில் சின்ன ஆர்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களின் முகூர்த்த நாட்களில் அவர்களுடைய ஆட்களும் அண்டாக்களும் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விடும். நம் வீட்டுச் சாப்பாடு எஞ்சிய நேரத்தில் எஞ்சிய ஆட்களால் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால், அதே கேட்டரிங்காரர் நேரில் வந்து நின்று கவனிப்பார். தேதி நம் கையில் இருக்கும் விசேஷமானால் காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்து, அதைத் தவிர்த்து நாள் குறிப்பது பெரிய நன்மை.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். வைகாசி மாதத்து ஒரு முகூர்த்த ஞாயிறன்று பதினொன்றரைக்கு வர வேண்டிய சாப்பாடு ஒன்றேகால் மணிக்கு வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு உரிய நேரத்தில் சாப்பிட வேண்டிய பெரியவர்கள் இருவருக்கு, அக்கம்பக்கத்தில் வாங்கிய இட்லியைக் கொடுத்துச் சமாளித்தோம். வந்தவர்கள் யாரும் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் நாங்கள் வாசலுக்கும் தொலைபேசிக்கும் அலைந்துகொண்டிருந்தோம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அதற்குப் பின் கேட்டரிங்காரரிடம் ருசியைப் பற்றிக் கேட்பதற்கு முன் நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். எத்தனை மணிக்குச் சமைத்து முடிப்பீர்கள், எத்தனை மணிக்கு வண்டி புறப்படும், அன்று வேறு எத்தனை இடங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்ற மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடமே முன்பணம் கொடுக்கிறேன்.

சமைத்து முடிக்கும் நேரம் ஆரோக்கியத்தையும் பற்றியது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் இருக்கும்போதுதான் கிருமிகள் பெருகுகின்றன. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொது விதி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த இரண்டு மணி நேரமும் அதிகம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதிக்கும் சூட்டிலும் அழிவதில்லை; ஆறிய சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலை எட்டு மணிக்கு வடித்து, பாத்திரத்தில் அடைத்து, ஒரு மணிக்குப் பரிமாறப்படும் சோற்றைப் பற்றி இதனால்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. சூடு தாங்கும் பெட்டிகளில் கொண்டுவருகிறார்களா என்று கேட்பதிலும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவர்களுக்கு வழங்கியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதிலும் கூச்சம் தேவையில்லை. பரிமாற ஆள் வருவார்களா, இலையும் தண்ணீரும் அவர்கள் பொறுப்பா, பாத்திரத்தை எப்போது திரும்ப எடுப்பார்கள், எச்சில் இலைகளை யார் கொண்டுபோவது என்பவற்றையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.

அசைவ வீடுகளுக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. பிரியாணி ஒரே தேக்சாவில் முடியும் விருந்து. கூடவே வெங்காயத் தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காய்த் தொக்கும் இருந்தால் போதும். தம் போட்டு மூடிய தேக்சா திறக்கும் வரை சூட்டை விடாது என்பதால், வெளியிலிருந்து வரவழைப்பதில் சைவச் சாப்பாட்டுக்கு உள்ள ஆறிப்போகும் குறை இதற்குக் குறைவு. ஒரு கிலோ அரிசிப் பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். நாற்பது பேருக்கு நான்கு முதல் ஐந்து கிலோ. ஆர்டர் கொடுக்கும்போது அவர்கள் சொல்லும் கிலோ அரிசியின் எடையா, சமைத்த பிரியாணியின் எடையா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பந்தியின் நடுவில் தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இவ்வளவையும் பார்த்தபின் அடுக்குமாடி வீட்டில் நாற்பது பேருக்கு நான் தேர்ந்தெடுப்பது, வெளிச்சமையலையும் வீட்டுக் கைமணத்தையும் கலந்த வழி. சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் ஆகிய கனத்த வேலைகள் எல்லாம் வெளியிலிருந்து வரட்டும். பாயசம், ஊறுகாய் அல்லது தொக்கு, காப்பி ஆகிய மூன்றும் வீட்டில் ஆகட்டும். வந்தவுடன் கையில் கொடுப்பது காப்பி. பல வீடுகளில் இலையில் முதலில் இடுவது பாயசம். நடுவில் தொட்டுக்கொள்ளத் தொக்கு. விருந்தினர் நாவில் முதலில் படுவது நம் வீட்டுக் கையாக இருந்துவிட்டால், இடையில் வரும் கூட்டும் பொரியலும் யார் சமைத்தது என்பதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. இந்த மூன்றுமே முன்கூட்டிச் செய்யத்தக்கவை என்பது கூடுதல் வசதி. தக்காளித் தொக்கை ஒரு வாரம் முன்பே கிளறிவிடலாம். பாயசத்தைக் காலை பத்து மணிக்கு வைத்து, சேமியா இறுகிக்கொள்ளும் என்பதால் ஒரு லிட்டர் காய்ச்சிய பாலைத் தனியே வைத்திருந்து, பரிமாறும் முன் சூடாக ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம். காப்பிக்கு ஆளுக்கு 100 மில்லி என்றால் மூன்று லிட்டர் பாலும் ஒரு லிட்டர் டிகாக்‌ஷனும் வேண்டும். ஏறத்தாழ 350 கிராம் பொடி பிடிக்கும். வீட்டு ஃபில்டர் சிறியது; பக்கத்து வீட்டிலும் ஒன்று கேட்டு வாங்கி, முந்தின இரவே இரண்டு மூன்று முறை இறக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். காலையில் அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் அமர்த்திச் சூடாக்கினால் மணம் மாறாது.

அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளை இப்படித்தான் செய்தோம். வெளியிலிருந்து சாப்பாடு என்றதும் அவருக்கு முதலில் வருத்தம். வந்தவர்களுக்கு வாங்கிப் போடுவதா என்றார். பருப்புப் பாயசம் மட்டும் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னபின் ஒப்புக்கொண்டார். பத்தரை மணிக்குப் பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. அவருடைய பள்ளித் தோழி ஒருவர் அவர் பக்கத்திலேயே அமர்ந்து, இருவரும் அரை நூற்றாண்டுக் கதைகளைப் பேசி முடித்தார்கள்.

பரிமாறும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. இலை போட்டுப் பந்தி வைப்பதா, மேசையில் வைத்து அவரவர் எடுத்துக்கொள்ளும் பஃபேயா? பந்தியில் உள்ள உபசாரம் பஃபேயில் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வரும்படி இலை போட்டு, ஒருவர் குனிந்து "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்று கேட்பதுதான் விருந்து. ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டின் கூடத்தில் ஒரு பந்திக்குப் பத்துப் பேருக்கு மேல் உட்கார முடியாது. நான்கு பந்தி, ஒவ்வொன்றுக்கும் துடைத்து இலை போடும் நேரத்தோடு நாற்பது நிமிடம் என்று வைத்தால், கடைசிப் பந்தி எழும்போது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காத்திருப்பவர்களின் பசி கூடத்தில் தெரியத் தொடங்கும். பஃபேயில் எல்லோரும் ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டுவிடலாம், ஆனால் முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவர்கள் தட்டை ஏந்தி நிற்க நேரும். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துவதே எங்களுக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு வந்தவர்களுக்கும் மேசை நாற்காலியில் இலைப் பந்தி. அவர்களைக் கவனிக்க இரண்டு பேர். இளையவர்களுக்குப் பால்கனிப் பக்கம் பஃபே.

தட்டு, டம்ளர் விஷயத்தில் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தடையை நினைவில் கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகள், காகிதக் கோப்பைகள், பிளாஸ்டிக் டம்ளர்கள், மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள்கள், உறிஞ்சு குழல்கள் ஆகியவை அந்தத் தடைக்குள் அடங்கும். பஃபேக்குப் பாக்குமட்டைத் தட்டு எல்லா வகையிலும் நல்லது. ரசம் விட்டாலும் நெகிழாது. தண்ணீருக்கும் காப்பிக்கும் எவர்சில்வர் டம்ளர்களைப் பாத்திர வாடகைக் கடையில் எடுத்துவிடலாம். அவற்றைக் கழுவ ஓர் ஆளை அமர்த்திக்கொள்வதைச் செலவாகக் கருதாமல், அன்றைய நிம்மதிக்குக் கொடுக்கும் விலையாகக் கருத வேண்டும்.

எண்ணிக்கை தவறுமோ என்ற அச்சம் எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே வரும். நாற்பது என்று அழைத்தால் முப்பத்திரண்டு பேரும் வரலாம், நாற்பத்தெட்டுப் பேரும் வரலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்புக்கு வரும் கைகூப்பிய படத்தை வருகிறோம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, "அத்தை, நீங்களும் மாமாவும் மட்டுமா, ரமணி வீட்டாரும் சேர்ந்து வருகிறார்களா?" என்று கேட்பது மரியாதையும் ஆகும், கணக்கும் ஆகும். இனிப்பையும் வடையையும் கூடுதலாகச் சொல்வதைவிட, சாதத்தையும் ரசத்தையும் தயிரையும் ஐந்து பேருக்கு அதிகமாகச் சொல்வது சிக்கனம். இதற்கும் மேல் ஒரு கிலோ ரவையை வறுத்து வீட்டில் வைத்துக்கொள்வேன். சாப்பாட்டு வண்டி தாமதமானாலும், எதிர்பாராமல் பத்துப் பேர் கூடினாலும், அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு உப்புமா கிளறிவிடலாம். பெரும்பாலும் அந்த ரவை தேவைப்படுவதில்லை. அது அலமாரியில் இருப்பதே பதற்றத்தைக் குறைக்கிறது.

கடைசிப் பந்தி முடிந்த கையோடு மிச்சத்தைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். எல்லோரும் களைத்து உட்கார்ந்துவிட்டு மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் பாதி வீணாகியிருக்கும். கூட்டும் தேங்காய் சேர்த்தவையும் முதலில் பிரிக்கப்பட வேண்டும். காவலாளிக்கும், பாத்திரம் கழுவ வந்தவருக்கும், பரிமாறியவர்களுக்கும் சூடு இருக்கும்போதே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். உறவினர் கொண்டுபோகத் தூக்குகளையும் சம்புடங்களையும் முந்தின நாளே ஒரு கூடையில் எடுத்து வைத்து, எந்தச் சம்புடம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. அவை திரும்பி வருவதற்கு அதுவே வழி. வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளும் சாம்பாரைப் பெரிய பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி வெகுநேரம் ஆறாமலிருந்து கெட்டுவிடும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீரில் நிறுத்தி ஆற வைத்து, பிறகு உள்ளே வைத்தால் மறுநாள் காலை இட்லிக்கு ஆகும்.